நெட்டுக்கு ஏது நாட்டாமை?

தலைவர் கிடையாது, தலைமை ஆபீஸ் கிடையாது, போலீஸும் கிடையாது. ஆனாலும் நீங்கள் தட்டுகிற பட்டனுக்கு உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து பதில் வருகிறது. எப்படி? இன்டர்நெட்டை ஓட்டும் ஒப்பந்தங்களைப் பற்றியும், அதை எழுதிய பசங்களைப் பற்றியும் ஒரு ரவுண்டு!

ரிசல்ட் ராத்திரி. ஹாஸ்டலில் ஒரே ரூமில் ஆறு பேர், ஒரு லேப்டாப். ‘வந்துடுச்சாம்டா!’ என்று எவனோ ஒருத்தன் வராண்டாவில் கத்திவிட்டுப் போக, ரிஜிஸ்டர் நம்பரைத் தட்டி என்டர் அடித்தாயிற்று. பக்கம் வரவில்லை. வட்டம் சுற்றுகிறது. ரெஃப்ரெஷ். மறுபடியும் வட்டம். மறுபடியும் ரெஃப்ரெஷ். ‘நீ தள்ளுடா, நான் அடிக்கிறேன்’ என்று அடுத்தவன் கை நீட்டுகிறான். கீபோர்டில் ஆள் மாறினால் ரிசல்ட் வந்துவிடுமா என்ன?

வட்டம் சுற்றுகிற கேப்பில் ஒரு கேள்வி. ரயிலுக்கு ரயில்வே இருக்கு. கரன்ட்டுக்கு மின்வாரியம் இருக்கு. லேட்டானாலோ கட்டானாலோ போன் போட்டுத் திட்டுவதற்கு ஒரு ஆபீஸ் இருக்கு. இந்த இன்டர்நெட்டை நடத்துறது யாரு? உங்களுக்குக் கனெக்‌ஷன் கொடுத்த கம்பெனி, அதில் ஒரு சின்னத் துண்டு. அதைத் தாண்டி இன்னொரு கம்பெனி, அப்புறம் கடலுக்கடியில் கேபிள், அந்தப் பக்கம் வேறொரு நாட்டு நெட்வொர்க்... இப்படிப் பல்லாயிரம் தனித்தனி நெட்வொர்க்குகள் ஒன்றோடு ஒன்று கைகோத்து நிற்பதற்குப் பெயர்தான் இன்டர்நெட். எல்லாத்துக்கும் மேலே ஒரு முதலாளி? ம்ஹூம்.

அப்புறம் எப்படி ஓடுது? ஒரே வார்த்தையில் சொன்னால், புரோட்டோகால். தமிழில் ‘நெறிமுறை’. இரண்டு பேர் பேசும்போது யார் முதலில் வாயைத் திறக்கணும், கேட்கலைன்னா என்ன பண்ணணும், எப்போ முடிக்கணும் என்று முன்கூட்டியே செய்துகொள்ளும் ஒப்பந்தம். போனை எடுத்ததும் ‘ஹலோ’ சொல்கிறோமே, அது ஒரு புரோட்டோகால். ‘சரி, வெச்சிடட்டா?’ என்று கேட்டுவிட்டு வைக்கிறோமே, அதுவும்தான். கம்ப்யூட்டர்களும் அப்படித்தான். என்ன, அவை ஒரு எழுத்து பிசகினாலும் திருதிருவென்று முழிக்கும். அதனால் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

அதை முதன்முதலில் எழுத உட்கார்ந்தவர்கள் யார் தெரியுமா? உங்களை மாதிரி ஸ்டூடன்ட்ஸ்!

பாத்ரூமில் பிறந்த ஒப்பந்தம்

1969. அமெரிக்க ராணுவத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவான ‘ஆர்ப்பா’, தன் பணத்தில் ஓடும் கம்ப்யூட்டர்களை ஒன்றோடு ஒன்று இணைக்க முடிவு செய்தது. முதல் கட்டத்தில் நான்கு இடங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையம், சான்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், யூட்டா பல்கலைக்கழகம். கம்ப்யூட்டர்கள் வேறு வேறு கம்பெனிச் சரக்கு. ஒன்றின் பாஷை இன்னொன்றுக்குச் சுத்தமாகப் புரியாது.

இடையில் தகவலைக் கடத்திவிட ஃபிரிட்ஜ் சைஸில் ஒரு மெஷின் செய்யும் கான்ட்ராக்ட் ‘பி.பி.என்.’ என்ற கம்பெனிக்குப் போனது. சரி, ரோடு போட ஆள் ரெடி. ரோட்டின் இரண்டு முனையிலும் இருக்கும் கம்ப்யூட்டர்கள் என்ன பேசிக்கொள்ளும்? அந்த வேலை அந்தந்தப் பல்கலைக்கழக ஸ்டூடன்ட்ஸ் தலையில் விழுந்தது.

லாஸ் ஏஞ்சலிஸ் பசங்களில் ஒருவர் ஸ்டீவ் கிராக்கர். வயசு 24. ‘நாமெல்லாம் சின்னப் பசங்க. சீக்கிரம் பெரிய தலைகள் யாராவது வந்து எல்லாத்தையும் முடிவு பண்ணுவாங்க’ என்றுதான் அந்த கோஷ்டி காத்திருந்தது. யாரும் வரவில்லை. பேசியதையாவது எழுதி வைப்போம் என்று முடிவானது. ஆனால் உள்ளுக்குள் ஒரு உதறல். ‘உங்களை யாருடா ரூல்ஸ் போடச் சொன்னது?’ என்று யாராவது கேட்டுவிட்டால்?

தங்கியிருந்த வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்ட ஒரு ராத்திரி, யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்று பாத்ரூமில் உட்கார்ந்து கிராக்கர் எழுதினார். அதிகாரத் தோரணை வந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தக் குறிப்புகளுக்கு ஒரு பவ்யமான பெயர் வைத்தார். ‘ரிக்வெஸ்ட் ஃபார் கமென்ட்ஸ்’. அதாவது, ‘தயவுசெய்து உங்க கருத்தைச் சொல்லுங்க’. 1969 ஏப்ரல் 7 தேதியிட்டு முதல் குறிப்பு வெளியானது. சுருக்கமாக ஆர்.எஃப்.சி. 1.

அந்தப் பெயர் இன்றுவரை மாறவில்லை பாஸ்! இன்டர்நெட்டின் எல்லா முக்கிய ஒப்பந்தங்களும் ஆர்.எஃப்.சி. என்றுதான் வெளியாகின்றன. எண்ணிக்கை 9,000-த்தைத் தாண்டிவிட்டது. உலகத்தையே ஓட்டுகிற சட்டப் புத்தகத்தின் அட்டையில் ‘இது சரியா? சொல்லுங்க’ என்று போட்டிருக்கிறது!

எல்... ஓ... அப்புறம்?

1969 அக்டோபர் 29, இரவு 10:30 மணி. லாஸ் ஏஞ்சலிஸில் 21 வயது மாணவர் சார்லி க்ளைன். சுமார் 500 கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் பில் டுவால். அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குள் நுழைய ‘லாகின்’ என்று டைப் செய்ய வேண்டும். எழுத்து போய்ச் சேருகிறதா என்று தெரிய, இருவரும் காதில் டெலிபோனையும் வைத்துக்கொண்டார்கள்.

‘எல்’ அடித்தார். வந்துச்சு. ‘ஓ’ அடித்தார். வந்துச்சு. ‘ஜி’ அடித்தார். அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது!

சுமார் ஒரு மணி நேரத்தில் சரி செய்து முழுசாக நுழைந்துவிட்டார்கள். ஆனாலும் இன்டர்நெட்டின் தாத்தாவான ஆர்ப்பாநெட்டில் போன முதல் சேதி, ‘லோ’ என்ற அரைகுறை வார்த்தைதான். நம்ம லேபில் புரோகிராம் முதல் தடவையே ஓடாவிட்டால் முகம் சுருங்கிப்போகும் நண்பர்கள், இதை ஒரு பேப்பரில் எழுதி மானிட்டர் மேலே ஒட்டிக்கொள்ளலாம்.

கல்யாண கோஷ்டியும் டீக்கடையும்

சரி, அந்த எழுத்து எப்படிப் போனது? பழைய டிரங்க் கால் ஞாபகம் இருக்கிறவர்களைக் கேளுங்கள். இரண்டு ஊருக்கு நடுவில் ஒரு லைனை முழுசாக உங்களுக்கே ஒதுக்கிவிடுவார்கள். நீங்கள் பேசாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாலும் அந்த லைனை வேறு யாரும் தொட முடியாது. கம்ப்யூட்டரோ ஒரு விநாடி கொட்டும், பத்து விநாடி சும்மா இருக்கும். அதற்குப் போய் முழு லைனா?

1960-களில் அமெரிக்காவில் பால் பேரன், இங்கிலாந்தில் டொனால்டு டேவிஸ் என்று இரண்டு பேர், ஒருத்தரை ஒருத்தர் அறியாமலே ஒரே ஐடியாவைப் பிடித்தார்கள். தகவலைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கு. ஒவ்வொரு துண்டின் மேலும் முகவரியை ஒட்டு. தனித்தனியாக அனுப்பு. டேவிஸ் அந்தத் துண்டுக்கு வைத்த பெயர்தான் ‘பாக்கெட்’. ஐம்பது பேர் கல்யாணத்துக்குப் போகிறார்கள். எல்லோரும் ஒரே பஸ்ஸில்தான் ஏறணும் என்று அடம்பிடிக்காமல் கிடைத்த வண்டியில் ஏறி, மண்டபத்தில் ஒன்றுசேர்வது மாதிரி. இன்றைக்கு நீங்கள் அனுப்புகிற 1 எம்.பி. போட்டோ சாதாரணமாக 700 பாக்கெட்டாகப் பிரிந்துதான் போகிறது.

துண்டின் மேல் ஒட்டியிருக்கும் முகவரிதான் ஐ.பி. அட்ரஸ். அதைக் கடத்திவிடும் மெஷின்தான் ரவுட்டர். ரவுட்டருக்கு முழு வழியும் தெரியும் என்று நினைக்கிறீர்களா? தெரியாது! ஊருக்குப் புதுசாகப் போய் டீக்கடையில் வழி கேட்டிருப்பீர்கள். ‘நேராப் போய், ஆலமரத்துக்கிட்ட லெஃப்ட்ல கேளுங்க’ என்பார். அவருக்குத் தெரிந்தது அடுத்த திருப்பம் மட்டும். ஆலமரத்தடியில் இருப்பவர் அதற்கடுத்த திருப்பத்தைச் சொல்வார். அத்தனை ரவுட்டர்களும் அந்த டீக்கடைக்காரர்கள்தான்.

தப்பு வழி காட்டி, பாக்கெட் ஊரையே சுற்றிச் சுற்றி வந்தால்? அதற்கும் ஒரு ஏற்பாடு. ஒவ்வொரு பாக்கெட்டும் கிளம்பும்போதே 64, 128 என்று ஒரு எண்ணோடு கிளம்பும். ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் ‘போதும்பா’ என்று அங்கேயே குப்பைக்கூடை. இல்லாவிட்டால் வழி தவறிய பாக்கெட்டுகளே நெட் முழுக்க நிரம்பிவிடுமே!

இதில் கவனிக்க வேண்டியது, ஐ.பி. எந்த வாக்குறுதியும் தருவதில்லை. ‘முயற்சி பண்றேன்’, அவ்வளவுதான். பாக்கெட் தொலையலாம், முன்பின் மாறி வரலாம், ஒன்றே இரண்டு தடவை வரலாம். அது பொறுப்பேற்காது.

அப்போ பொறுப்பு யாருடையது? அனுப்புகிறவர், வாங்குகிறவர் இருவருடையது. அதுதான் டி.சி.பி. வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974-ல் வெளியிட்ட கட்டுரையில் பிறந்தது. (செர்ஃப்பும் கிராக்கரின் செட்தான். இரண்டு பேரும் ஒரே ஹைஸ்கூலில் படித்தவர்கள்!) பேச்சு ஆரம்பிக்கும் முன் மூன்று வரி சம்பிரதாயம் நடக்கும்.

‘ஹலோ, பேசலாமா? என் எண்ணிக்கை இந்த நம்பர்ல ஆரம்பிக்குது.’

‘கேட்குது, பேசு. என் எண்ணிக்கை இந்த நம்பர்ல ஆரம்பிக்குது.’

‘எனக்கும் கேட்குது. ஆரம்பிக்கலாம்.’

அப்புறம் ஒவ்வொரு துண்டுக்கும் வரிசை எண் உண்டு. அந்தப் பக்கம் ‘இதுவரை வந்துச்சு’ என்று அக்னாலட்ஜ்மென்ட் அனுப்பும். அது வராவிட்டால் இந்தப் பக்கம் அதே துண்டை மறுபடி அனுப்பும். 1983 ஜனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் மொத்தமும் பழைய புரோட்டோகாலைக் கழற்றிப் போட்டுவிட்டு டி.சி.பி./ஐ.பி.-க்கு மாறியது. இன்டர்நெட்டின் பிறந்த நாள் என்று பலர் கொண்டாடுவது அந்த நியூ இயரைத்தான்.

நடந்தே போயிருக்கலாம்!

எல்லாம் சுபமாகப் போய்க்கொண்டிருந்தபோது வந்தது 1986 அக்டோபர். கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பர்க்லி ஆய்வகம். அங்கிருந்து பர்க்லி பல்கலைக்கழகம் 400 கஜ தூரம். வழக்கமாக விநாடிக்கு 32,000 பிட் வேகத்தில் போகிற லைன், திடீரென்று விநாடிக்கு 40 பிட்டுக்கு இறங்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,000 எழுத்துள்ள ஒரு பக்கம் அரை விநாடியில் போனது, இப்போது ஏறக்குறைய 7 நிமிஷம். பிரின்ட் எடுத்துக்கொண்டு நடந்தே போய்க் கொடுத்திருக்கலாம்!

கேபிள் அறுந்துவிட்டதா? இல்லை. மெஷின் கெட்டுப்போச்சா? அதுவும் இல்லை. எல்லாம் ஒப்பந்தப்படிதான் நடந்தது. வழியில் கூட்டம் அதிகமாகி, ரவுட்டரில் இடமில்லாமல் சில பாக்கெட்டுகள் விழுந்தன. பதில் வராததால் அனுப்பியவர்கள் ‘தொலைஞ்சுபோச்சு போல’ என்று மறுபடி அனுப்பினார்கள். கூட்டம் இன்னும் ஏறியது. இன்னும் விழுந்தது. இன்னும் அனுப்பினார்கள். கடைசியில் லைன் முழுக்க அனுப்பினதையே அனுப்பின பாக்கெட்டுகள். புதுசாக ஒன்றும் நகரவில்லை.

எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? ஆமாம், நம்ம ரிசல்ட் ராத்திரி ரெஃப்ரெஷேதான்! ரிசல்ட் சைட் திணறுவது பெரும்பாலும் அந்த முனையில் இருக்கும் சர்வர் தாங்காததால். ஆனால் வியாதி ஒன்றுதான். பதில் வரலைன்னதும் எல்லோரும் இன்னும் ஓங்கிக் கதவைத் தட்டுவது.

அந்த ஆய்வகத்திலேயே வேலை பார்த்த வான் ஜேக்கப்சன், பல்கலைக்கழகத்தின் மைக் காரெல்ஸுடன் சேர்ந்து மருந்து கண்டுபிடித்தார். 1988-ல் அது கட்டுரையாக வெளியானது. மருந்து ரொம்ப சிம்பிள். பாக்கெட் தொலைந்தால் ‘வழியில் கூட்டம்’ என்று புரிந்துகொள். உடனே உன் வேகத்தைப் பாதியாகக் குறை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. மறுபடி தொலைந்தால் மறுபடி பாதி. புதுசாகப் பேச்சு ஆரம்பிக்கும்போதும் எடுத்த எடுப்பில் கொட்டாதே. ஒன்று, இரண்டு, நான்கு என்று ஆழம் பார்த்து இறங்கு.

கவனியுங்கள். ரோட்டை யாரும் அகலப்படுத்தவில்லை. சந்திப்பில் டிராஃபிக் போலீஸ் போடவில்லை. ஒவ்வொரு வண்டியும் தானாகவே ஒதுங்கி வழி விட்டது. அவ்வளவுதான். இதைச் செய்யச் சொல்லி சட்டம் எதுவும் கிடையாது. ‘நான் மட்டும் குறைக்க மாட்டேன்’ என்று ஒரு கம்ப்யூட்டர் அடம்பிடித்தால், அடுத்தவர் பங்கையும் சேர்த்து அதுவே சுருட்டிக்கொள்ள முடியும். ஆனாலும் உலகத்தில் பெரும்பாலான மெஷின்கள், நாம் அறியாமலே, இந்த நாகரிகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. சூத்திரங்கள் இன்று எவ்வளவோ மாறிவிட்டன. டி.சி.பி.-க்குப் பதிலாக 2021-ல் ‘க்விக்’ என்று ஒரு புது புரோட்டோகாலும் ஆர்.எஃப்.சி. ஆகிவிட்டது. அதிலும் இந்த ‘கூட்டமா இருந்தா ஒதுங்கு’ ரூல் தவறாமல் இடம்பெற்றிருக்கிறது.

பேர் சொன்னா நம்பர் வரும்

ஐ.பி. அட்ரஸ் என்பது நம்பர். நமக்குப் பெயர்தானே ஞாபகம் இருக்கும்? ஆர்ப்பாநெட் காலத்தில் எந்தப் பெயருக்கு எந்த நம்பர் என்று ஒரே ஒரு பட்டியல், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபெயின்லர் தலைமையிலான குழுவின் கையில் இருந்தது. எல்லோரும் அதை காப்பி எடுத்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக, பட்டியலைப் புதுப்பித்து மாளவில்லை.

1983-ல் பால் மொகபெட்ரிஸ் சொன்ன வழி: பட்டியலை ஒரே ஆள் வைத்திருக்க வேண்டாம், பிரித்துக் கொடு. அதுதான் டி.என்.எஸ். கல்லூரிக்குள் ஆளைத் தேடுவது மாதிரி. கேட்டில் விசாரித்தால் டிபார்ட்மென்ட்டைக் காட்டுவார்கள். டிபார்ட்மென்ட்டில் கேட்டால் கிளாஸைச் சொல்வார்கள். கிளாஸில் கேட்டால் ஆளே எழுந்து நிற்பார். பெயரின் கடைசித் துண்டுக்கு யார் பொறுப்பு என்று முதலில் கேட்டு, அங்கிருந்து ஒவ்வொரு படியாக இறங்க வேண்டியதுதான். அந்தக் கடைசித் துண்டு இன்று ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்று தமிழ் எழுத்திலேயே இருக்கிறது என்பது நமக்கு போனஸ்.

கை துடைக்கிற பேப்பரில் உலக மேப்

கடைசியாக ஒரு முடிச்சு. டீக்கடைக்காரர் வழி சொல்கிறார், சரி. அவருக்கு அந்த வழி எப்படித் தெரியும்?

1989 ஜனவரியில் ஒரு மாநாட்டுச் சாப்பாட்டு நேரத்தில் கர்க் லாஹீட், யாக்கவ் ரெக்டர் என்ற இரண்டு இன்ஜினீயர்கள், கை துடைக்க வைத்திருந்த நாப்கினில் ஒரு திட்டத்தைக் கிறுக்கினார்கள். பெயர் பி.ஜி.பி. ஒவ்வொரு நெட்வொர்க்கும் பக்கத்து நெட்வொர்க்கிடம், ‘இந்தந்த அட்ரஸுக்கெல்லாம் என் வழியாப் போகலாம்’ என்று சொல்லும். பக்கத்து வீடு அதைத் தன் பக்கத்து வீட்டுக்குச் சொல்லும். ஒருத்தர் காதில் ஒருத்தர் ஓதி, உலகம் முழுக்க வழி பரவிவிடும். திட்டம் அப்போதைக்கு ஒரு தற்காலிக ஒட்டுப்போடல்தான். இன்றும் உலக இன்டர்நெட் ஓடுவது அதன் வாரிசில்தான்!

சொல்கிறவர் பொய் சொன்னால்? தப்பாகச் சொன்னால்? ஆரம்ப ஒப்பந்தத்தில் அதற்குப் பூட்டு இல்லை. எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த சின்ன ஊராக நெட் இருந்த காலத்தில் எழுதியது அது.

2008 பிப்ரவரி 24. பாகிஸ்தானில் யூடியூபைத் தடுக்கச் சொல்லி அரசு உத்தரவு. பாகிஸ்தான் டெலிகாம், தன் நாட்டுக்குள் மட்டும் யூடியூபின் அட்ரஸை முட்டுச்சந்துக்குத் திருப்பிவிட நினைத்தது. அந்த அறிவிப்பு தவறி வெளியே கசிந்தது. ஹாங்காங்கைச் சேர்ந்த ஒரு பெரிய நெட்வொர்க் அதை நம்பி உலகத்துக்கே வாசித்துவிட்டது. ‘சென்னைக்கு இந்த வழி’ என்று ஒரு போர்டும், ‘மயிலாப்பூருக்கு இந்த வழி’ என்று ஒரு போர்டும் இருந்தால், மயிலாப்பூர் போகிறவர் எதைப் பார்த்துத் திரும்புவார்? ரவுட்டரும் அப்படித்தான், குறிப்பாகச் சொன்ன போர்டைத்தான் நம்பும். பாகிஸ்தான் அறிவிப்பு, யூடியூப் தானே சொன்னதைவிடக் குறிப்பாக இருந்தது. ஏறக்குறைய 2 மணி நேரம், உலகத்தின் பெரும்பகுதி யூடியூப் தேடிப் போய் முட்டுச்சந்தில் நின்றது.

இன்னொன்று உங்களுக்கே ஞாபகம் இருக்கலாம். 2021 அக்டோபர் 4, நம்ம நேரப்படி இரவு 9 மணிக்கு மேல் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒரே நேரத்தில் படுத்ததே! வழக்கமான பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கமாண்ட், அந்த கம்பெனியின் டேட்டா சென்டர்களை இணைக்கும் நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. ‘உள்ளே தொடர்பு இல்லையே, நமக்குத்தான் ஏதோ கோளாறு’ என்று எடுத்துக்கொண்ட அவர்களின் டி.என்.எஸ். சர்வர்கள், ‘எங்க வழியா வராதீங்க’ என்று தங்கள் பி.ஜி.பி. அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. அந்த நிமிஷமே, உலகத்தின் பார்வையில் ஃபேஸ்புக் என்ற ஊருக்கு ரோடே இல்லை. சரி செய்யப் போன இன்ஜினீயர்களுக்கு, பாதுகாப்புக் கட்டுகளைத் தாண்டி மெஷினைத் தொடவே நேரம் பிடித்தது. எல்லாம் திரும்ப ஏறக்குறைய 6 மணி நேரம் ஆனது.

‘இந்த அட்ரஸ் இவருடையதுதான்’ என்று டிஜிட்டல் கையெழுத்து போட்டு உறுதி செய்யும் முறை இப்போது பரவிவருகிறது. ஆனால் அதையும் ஒவ்வொரு நெட்வொர்க்கும் தானாக முன்வந்துதான் போட்டுக்கொள்ள வேண்டும். இங்கே நாட்டாமை இல்லையே, தீர்ப்பு சொல்ல!

கை தூக்க வேண்டாம், ‘ம்ம்’ சொல்லு

இந்த ஒப்பந்தங்களை இன்று எழுதுவது ஐ.இ.டி.எஃப். என்ற அமைப்பு. மெம்பர்ஷிப் கார்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். ஓட்டெடுப்பு கிடையாது. கூட்டத்தில் ஒரு விஷயம் பிடித்திருந்தால் வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்...’ என்று ரீங்காரம் போடுவார்கள். எந்தப் பக்கம் சத்தம் பலமோ அதை வைத்து ரூமின் மனநிலையைக் கணிப்பார்கள். கம்பெனி அதிபராக இருந்தாலும், ஃபைனல் இயர் ஸ்டூடன்ட்டாக இருந்தாலும், ஒரே ‘ம்ம்’தான்.

கிராக்கர், செர்ஃப் படித்த அதே ஹைஸ்கூலிலிருந்து வந்த மூன்றாவது ஆள் ஜான் போஸ்டல். அவரும் லாஸ் ஏஞ்சலிஸ் கோஷ்டிதான். ஆர்.எஃப்.சி.-க்களைத் திருத்தி வெளியிடுவது, நம்பர்கள் மோதாமல் பங்கிட்டுக் கொடுப்பது என்று கணக்குப்பிள்ளை வேலையை ஏறக்குறைய 30 வருஷம் சத்தமில்லாமல் பார்த்தார். நீ அனுப்புவதில் கறாராக இரு, வருவதில் சின்னப் பிசகு இருந்தால் பெரிசுபடுத்தாதே என்பது டி.சி.பி.-க்கு அவர் எழுதிவைத்த அறிவுரையின் சாரம். 1998-ல், 55 வயதில் இறந்தபோது செர்ஃப் எழுதிய இரங்கல், ஆர்.எஃப்.சி. வரிசையிலேயே 2468 என்ற எண்ணில் வெளியானது.

நாம் என்ன செய்கிறோம்? பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஏழு அடுக்குகளின் பெயரை மனப்பாடம் பண்ணி, காலையில் கொட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அந்த ஏழு அடுக்கு, சர்வதேசக் கமிட்டிகள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து போட்ட அதிகாரபூர்வ பிளான். அது புத்தகத்தில் தங்கிவிட்டது. உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருப்பது, ‘கருத்து சொல்லுங்க’ என்று தயங்கித் தயங்கி எழுதிய பசங்களின் வாரிசு. ‘பெரியவங்க யாராவது வருவாங்க’ என்று அவர்கள் காத்துக்கொண்டே இருந்திருந்தால்?

எல்லா ஆர்.எஃப்.சி.-யும் இலவசம். முதல் ஒன்று சில பக்கம்தான். ரிசல்ட் பார்த்து முடித்ததும், பாஸோ அரியரோ, ஒரு தடவை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

அதுவரை, ஒரு வேண்டுகோள். அந்த ரெஃப்ரெஷ் பட்டனிலிருந்து கையை எடுங்க பாஸ். உங்க லேப்டாப்பே ஒதுங்கி வழி விட்டுக்கிட்டு இருக்கு!

பெட்டிச் செய்தி 1: புறா விடு தூது

ஆர்.எஃப்.சி. வரிசையில் ஏப்ரல் 1 தேதியிட்ட குறும்புகளும் உண்டு. 1990-ல் வந்த 1149-வது குறிப்பு, ஐ.பி. பாக்கெட்டைப் புறாக் காலில் கட்டி அனுப்புவது எப்படி என்று சீரியஸாக விளக்குகிறது. 2001 ஏப்ரலில் நார்வேயின் பெர்கன் நகரில் லினக்ஸ் பிரியர்கள் சிலர் அதை நிஜமாகவே செய்து பார்த்தார்கள்! 9 பாக்கெட் அனுப்பியதில் 4-க்குத்தான் பதில். போய்த் திரும்ப ஒவ்வொன்றுக்கும் சுமார் 53 நிமிஷம் முதல் 1 மணி 46 நிமிஷம் வரை. மெதுவாக இருந்தாலும் அது ஐ.பி.-தான்!

பெட்டிச் செய்தி 2: நீங்களே பாருங்க

வின்டோஸ் கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, டி, ஆர், ஏ, சி, இ, ஆர், டி என்று ஏழு எழுத்து அடித்து, இடைவெளி விட்டு, பிடித்த சைட்டின் பெயரைத் தட்டுங்கள். உங்கள் பாக்கெட் தாண்டுகிற டீக்கடைகள் ஒவ்வொன்றாக வரிசையில் வரும். எப்படித் தெரியுமா? முதல் பாக்கெட்டை 1 என்ற எண்ணோடு அனுப்பும். முதல் ரவுட்டரிலேயே பூஜ்யமாகிச் செத்துப்போகும். ‘இங்கே செத்துப்போச்சு’ என்று அந்த ரவுட்டர் தகவல் அனுப்பும்போது அதன் அட்ரஸ் தெரிந்துவிடும். அடுத்தது 2, அதற்கடுத்தது 3... சில இடங்களில் வெறும் நட்சத்திரம் வந்தால் பயப்பட வேண்டாம். அந்தக் கடைக்காரர் பதில் சொல்ல விரும்பவில்லை, அவ்வளவுதான்.